காட்டுப்பூனை கொட்டிய 'ம்'

ஒரு கரட்டுக்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கரையோரக் கள்ளிப் புதரில் சொக்கி என்ற கௌதாரி தன் குஞ்சுகளோடு வாழ்ந்தது.

குளம் பிறந்த கதை அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் சொன்னதுபோல் இன்னொருவர் சொல்வதில்லை. முதல் யானை உட்கார்ந்து எழுந்த பள்ளம் அது என்று யானைகள் சொல்லும். பன்றிகளைக் கேட்டால், கிழங்கு தேடிய ஆதிப்பன்றி முட்டிக் கிளப்பிய ஊற்று. ஆமைகளின் கதையில் குளம் முதலிலேயே இருந்தது; காடுதான் தாமதமாக வந்தது. சாயங்காலமானால் கரையிலிருந்த மருத மரத்தடி கதை சொல்பவர்களாலும் கேட்பவர்களாலும் களைகட்டும்.

அதைக் கெடுத்தது வீரணன் என்ற காட்டுப்பூனை. குளத்தைத் தோண்டியது தன் முப்பாட்டன் என்பது அதன் கட்சி. வேறு யார் வேறு விதமாகச் சொன்னாலும் நடுவில் புகுந்து திருத்தும். திருத்தத்தோடு நகத்தையும் காட்டும். யானை சொல்லும்போது மட்டும் இருமிக்கொள்ளும். சின்னப் பிராணிகள் வருவதை நிறுத்தின. கேட்க ஆளில்லாமல் யானைகளும் போய்விட்டன. சொக்கியின் குஞ்சுகள் அந்தக் கதையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை புல்விதை பொறுக்கிக்கொண்டிருந்த சொக்கியை வீரணன் பாய்ந்து கவ்வியது. கள்ளி முள்ளுக்குள் குஞ்சுகள் மூச்சுக் காட்டாமல் பதுங்கின. எப்படியாவது பூனையின் வாயைத் திறக்க வைக்க வேண்டும். ஆனால் வாயில் இரை இருக்கும்போது பேசக் கூடாது என்பதை வீரணன் தாய்ப்பாலோடு குடித்திருந்தது.

சொக்கிக்கு மருத மரத்தடி ஞாபகம் வந்தது.

"அண்ணே, என் குஞ்சுகளுக்குக் குளம் பிறந்த கதையை நான் இன்னும் சொல்லலை. இங்கிருந்தே சொல்லிடறேன். அதுங்க பயத்துல ஊமையாக் கிடக்குதுங்க. நீங்க 'ம்' கொட்டினாப் போதும்."

வீரணன் யோசித்தது. 'ம்' கொட்ட ஆளில்லாவிட்டால் கதை நகராது; அது காட்டு வழக்கம். 'ம்' என்பதோ வாயை மூடிக்கொண்டே சொல்லக்கூடியது. ஆபத்தில்லை. தவிர, குடும்பப் பெருமையைக் கேட்க அதற்கு அலுப்பே வந்ததில்லை.

"ம்," என்றது.

"ஒரு காலத்துல இங்கே சொட்டுத் தண்ணி இல்லை. அப்போ ஒரு பெரிய பூனை வந்தது."

"ம்." இந்த 'ம்' இனித்தது.

"தாகம் தாங்காம அது நிழல்ல படுத்துட்டுது."

"ம்ம்." பூனையின் மீசை துடித்தது. முப்பாட்டனாவது படுப்பதாவது! ஆனாலும் பொறுத்துக்கொண்டது.

படுத்த பூனை தண்ணீர் கேட்டு ஓவென்று அழுததாகச் சொக்கி சொன்னது. இப்போது 'ம்' உறுமலாக வந்து அதன் விலாவில் அதிர்ந்தது. பற்கள் இறுகின. இன்னும் ஓரிரு வாக்கியத்துக்குத்தான் சொக்கிக்கு மூச்சு இருந்தது.

"அழுகையைப் பார்த்து மனசு இளகின ஒரு எலி வந்து குளத்தைத் தோண்டுச்சு. பூனை எலி கால்ல விழுந்து கும்பிட்டுது."

"எலியா? தோண்டினது எங்க முப்பாட்டன்..."

மீதி வாக்கியத்தைக் கேட்க அதன் வாயில் யாரும் இல்லை.

சொக்கி உடைமரத்து முள்கிளையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. கீழே வீரணன் கோபத்தில் மண்ணைப் பிராண்டியது. அதைப் பார்த்ததும் சொக்கிக்கு ஒன்று தோன்றியது. இத்தனை காலமும் பூனை அடுத்தவர் கதையைத் திருத்தியிருக்கிறது. தன் கதையைச் சொன்னதே இல்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

"சாயங்காலம் மரத்தடிக்கு வந்து உங்க கதையைச் சொல்லுங்க, அண்ணே. நான் 'ம்' கொட்டறேன். கிளையில இருந்துதான்."

வீரணன் வந்தது. சேதி பரவி, வருவதை நிறுத்தியிருந்த பிராணிகளும் ஒவ்வொன்றாக வந்து கூடின. "எங்க முப்பாட்டன் குளத்தைத் தோண்டினார்," என்று கம்பீரமாகத் தொடங்கியது. மேலிருந்து "ம்" வந்தது. அதற்குமேல் என்ன சொல்வது என்று பூனைக்குத் தெரியவில்லை. திருத்துவதிலேயே காலம் போனதில் மீதிக் கதையை அது கற்கவே இல்லை.

வீரணன் தலை குனிந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து கிழப்பன்றி ஒன்று, தங்கள் ஊற்றை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னது. யானை தன் பள்ளத்தைக் கொடுத்தது. ஆமை, தோண்டும்போது தன் பாட்டியும் பக்கத்தில் இருந்ததாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பூனை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தது. கள்ளிப் புதருக்குள்ளிருந்து முதல் தடவையாகக் குஞ்சுகளின் "ம்" கேட்டது.

பலர் வாயில் பலவிதமாகப் புழங்கும் கதைதான் உயிரோடு இருக்கும். அதைத் தன் ஒருவனுடையதாக்கிக் காவல் காப்பவன் கடைசியில் கதையையும் இழப்பான், காலைச் சாப்பாட்டையும் இழப்பான்.