ராஜா செய்த கருவாட்டுப் போணி

வெண்குன்றூர் ராஜா சேதிராயருக்கு ஊஞ்சல் பைத்தியம். தூங்குவது ஊஞ்சலில், வழக்கு விசாரிப்பது ஊஞ்சலில். இப்போது ஊஞ்சலுக்கென்றே ஒரு மண்டபம் கட்ட ஆசை வந்துவிட்டது. கஜானாவோ காலி.

“அந்தப் பழைய பாசறையை விற்றுவிடலாம். போரே இல்லை, சும்மாதானே கிடக்கிறது?” என்றார்.

சும்மா ஒன்றும் கிடக்கவில்லை. பாட்டனார் காலத்தில் எதிரிகள் நம் ஊரை வளைத்தபோது வீரர்கள் அங்கிருந்துதான் பாய்ந்து விரட்டினார்கள். போரில் கைகால் இழந்தவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் வீடு. அரசவையில் குறும்புக்குப் பேர்போன அம்பலவாணனுக்குப் பொறுக்கவில்லை.

“மகாராஜா, அது நம் மானம் காத்த இடம்...”

“இன்னொரு வார்த்தை பேசினால் உன்னையும் சேர்த்து விற்றுவிடுவேன்!”

அம்பலவாணன் சட்டென்று கட்சி மாறினான். “பேசவே மாட்டேன். ஆனால் நல்ல காரியத்தைத் தள்ளிப்போடலாமா? விஜயதசமி ஊர்வலத்தன்றே அங்கே கடை திறக்கட்டும். தங்கள் பார்வை பட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும்!”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாசறை கருவாட்டு வியாபாரி சிகாமணி கைக்குப் போனது. வீரர்கள் சத்திரத்துக்குப் போனார்கள்.

விஜயதசமி வந்தது. பட்டத்து யானைமேல் ராஜா. பாசறை வாசலில் நெத்திலியும் வஞ்சிரமும் தோரணமாகத் தொங்கின. யானை அங்கே வந்ததும் நின்றது. பொத்தென்று மண்டி போட்டது. தும்பிக்கையைத் தூக்கிக் கருவாட்டுக் கடைக்கு ஒரு சலாம் வைத்தது!

ஊரே கொல்லென்று சிரித்தது. அம்பலவாணன் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எழுப்புடா!” என்று கத்தினார் ராஜா.

பாகன் தலையைச் சொறிந்தான். “எழுந்திருக்காதுங்க மகாராஜா. வருசா வருசம் இங்க மண்டி போட்டு வீரருங்களுக்கு வணக்கம் வைக்கிறது வழக்கமாச்சே. உள்ளேயிருந்து ஒருத்தர் வந்து, நெத்தியைத் தட்டி, ‘போய் வா’ன்னு சொன்னாத்தான் கிளம்பும்.”

விற்கிற அவசரத்தில் ராஜாவுக்கு அது மறந்தே போயிருந்தது. உள்ளேயிருந்து வந்தது சிகாமணி. வாயெல்லாம் பல்.

“முதல் போணி மகாராஜா கையாலயா! நெத்திலி போடட்டுமா, வஞ்சிரம் போடட்டுமா?”

“ஐயா, முதலில் யானையிடம் ‘போய் வா’ என்று சொல்லும்!”

“கடை திறந்த அன்னைக்கு வந்தவரை வெறுங்கையோட அனுப்பினா விளங்குமா? போணி பண்ணிட்டுப் போங்க!”

ராஜா எந்தக் காலத்தில் காசு வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்? மோதிரத்தைக் கழற்றினார். “இந்தா, நெத்திலி கொடு. பாசறையையும் திருப்பிக் கொடு. உன் பணம் வந்து சேரும். கடைத்தெருவில் வேறு இடமும் தருகிறேன்!”

கடைத்தெரு என்றதும் சிகாமணி தலையாட்டினார். நெற்றியைத் தட்டி, “போய் வா ராசா!” என்றார். யாரைச் சொன்னாரோ, யானை எழுந்துகொண்டது.

அன்று மாலையே வீரர்கள் பாசறைக்குத் திரும்பிவிட்டார்கள். ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்து அம்பலவாணனை முறைத்தார்.

“எல்லாம் உன் வேலை! நாளைக்குச் சரித்திரத்தில் என்னடா எழுதுவார்கள்?”

“கவலையே வேண்டாம் மகாராஜா. ‘பாசறையை விற்று ஊஞ்சல் ஆடினார்’ என்று எழுத இருந்தார்கள். இனி ‘கருவாடு வாங்கிப் பாசறையை மீட்டார்’ என்று எழுதுவார்கள்.”

ராஜா ஊஞ்சல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “பிடி உன் பரிசை!” என்று நெத்திலிப் பொட்டலத்தை அவன் மடியில் வீசினார்.