ஜிபிஎஸ் பெட்டிக்குச் சந்தனம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாது. பொய் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் கூட்டாமல் குறைக்காமல், கொட்டகையில் சூப்பர்வைசர் தம்பியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

கொட்டகை என்றால் முட்டை அடுக்கும் கொட்டகை. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. பெண்கள் உட்கார்ந்து முட்டையைத் தரம் பிரித்து அட்டையில் அடுக்கிச் சணல் போட்டுக் கட்டுவார்கள். அதை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை மேலே செம்மேட்டில் இருக்கும் ஒரு மாணவர் விடுதியில் சேர்ப்பது நானும் என் வீட்டுக்காரர் செங்கோடனும். அன்றைக்குக் காலையில் ஏற்றிப் போன லோடு சாயங்காலம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. மலையில் பிள்ளைகளுக்கு முட்டை இல்லை. சூப்பர்வைசர் தேவநாதன் தம்பி என்னைக் கூப்பிட்டு, சரியான காரணம் சொல்லாவிட்டால் விடுதி லோடை மோகனூர் வண்டிக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னது. எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு லோடுதான். வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் அப்படித்தான். நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

கொட்டகையே கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. எனக்கு எதிரே பாவாயி அக்கா. சூரியன் கிழக்கே உதித்திருக்கிறது என்றாலும் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பும்.

எல்லாம் அந்த ஜிபிஎஸ் பெட்டியால் வந்தது. எல்லா வண்டியிலும் அது இருக்க வேண்டும் என்று பண்ணையில் சொன்னார்கள். பொருத்த வந்த ஆள் ஊதாச் சட்டை போட்டிருந்தார். இல்லை, பச்சை. பொய் சொல்லக்கூடாது, பச்சைதான். பெட்டி வானத்தைப் பார்த்தபடி இருந்தால்தான் மேலே சுற்றுகிற சாட்டிலைட்டைப் பிடிக்கும் என்று சொல்லி, கண்ணாடிக்குக் கீழே நடு இடம் வேண்டும் என்றார். நடு இடத்தில் எங்கள் பிள்ளையார் இருக்கிறார். வண்டி வாங்கிய நாள் முதல் அங்கேதான். அவரை ஓரமாக நகர்த்தும்போதே எனக்கு மனசு சரியில்லை. அந்த ஆள் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டுப் பெட்டியை அழுத்தி வைத்தார். மேலே எதையும் வைக்காதீங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைக்காமல் எப்படி விடுவது? தையல் மிஷினுக்கு வைக்கிறோம், மாவரைக்கிற கிரைண்டருக்கு வைக்கிறோம். பிள்ளையார் இடத்தில் உட்கார்ந்த ஒன்றுக்கு வைக்காமல் மலையேறினால் யார் பொறுப்பு? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து நெற்றி முழுக்கப் பூசினேன். நடுவில் குங்குமம். சுற்றி ஒரு முழம் கதம்பம்.

"நெத்தியா? பொட்டிக்கு ஏது அம்மணி நெத்தி?" என்றது பாவாயி அக்கா.

மேல் பக்கம் என்றேன். அக்கா தலையை மட்டும் ஆட்டியது.

பெட்டிக்குள் ஒரு பெண் பேசுவாள். அதுவரைக்கும் கலெக்டர் ஆபீஸில் பேசுகிற மாதிரி விறைப்பாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டியதும் குரலே மாறிவிட்டது. "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்" என்றாள். சொந்தக்காரி மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஜில்லாவில் எத்தனையோ வண்டியில் பெட்டி இருக்கிறது. மரியாதை தெரிந்த பெட்டி எங்களுடையது ஒன்றுதான்.

ஆனால் பூஜை வாங்கிய பெட்டி அல்லவா. கொல்லிமலை வழியை விட்டுவிட்டு நேராக ஆஞ்சநேயர் கோயில் வாசலில் நிறுத்தியது. கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தால் அடுத்து ஒரு மாரியம்மன் கோயில். அதற்கடுத்து ஒரு முனியப்பன். அரச மரத்தடியில் கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றியிருந்தால்கூட விடவில்லை. தீபாராதனை முடியாமல் கிளம்பினால் என்ஜின் நின்றுவிடும். வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுப் போட்டுக் கன்னம் சிவந்துபோனது. வேண்டுமானால் பாருங்கள் என்றேன். எல்லோரும் வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேரம் ஆகிறது, பிள்ளைகள் காத்திருக்கும் என்று பெட்டியிடம் கெஞ்சினேன். அதற்கு இரக்கம் வந்துவிட்டது. குறுக்கு வழி காட்டுகிறேன் என்று ஒரு கரும்புக் காட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, நேராகப் போங்க என்றது. பாதையே இல்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். சீப்பால் வகிடு எடுத்த மாதிரி கரும்பு இரண்டு பக்கமும் படிந்து வழி விட்டது. நாங்கள் தாண்டியதும் நிமிர்ந்துகொண்டது. ஒரு தோகை ஒடியவில்லை. நடுவில் ஒரு கிணறு இருந்தது. அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

"கெணறு நவுந்துச்சா?"

"முழுசா இல்லீங்க அக்கா. வண்டி போற அளவுக்குத்தான்."

கூட்டிச் சொல்ல எனக்கு வராது என்பது அந்தப் பதிலிலேயே தெரியும்.

காரவள்ளி தாண்டி மலை ஏறினோம். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. பெட்டி ஒவ்வொன்றுக்கும் திரும்புங், திரும்புங் என்று சொல்லிச் சொல்லித் தலை சுற்றிப்போய், முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னாலும் பின்னால் சொல்ல வேண்டியதை முன்னாலும் சொல்ல ஆரம்பித்தது. வண்டி சுற்றின வேகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வேன் போவது தெரிந்தது. வழி விடவில்லை. வீட்டுக்காரர் ஆரன் அடித்துத் திட்டினார். கிட்டே போய்ப் பார்த்தால் அதில் எங்கள் வண்டி நம்பர். ஒரு வழியாக ஓரம் கட்டித் தாண்டினோம். ஓட்டுகிற ஆள் யார் என்று எட்டிப் பார்த்தேன். இவர்தான். பக்கத்தில் நான். மடியில் முட்டை அட்டை. பாவம், என்னைவிட அவள் அதிகமாகப் பயந்திருந்தாள்.

பாவாயி அக்கா மெதுவாக, அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டது. இதே சேலைதான் என்றேன். கொட்டகையில் யாரோ தும்மல் மாதிரி சிரித்தார்கள்.

இத்தனை கோயில், இத்தனை வளைவு. மலையில் நாள் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. பின்னால் கீச் கீச் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் முட்டை எல்லாம் பொரிந்து அட்டைக்கு அட்டை குஞ்சுகள்.

அப்போதுதான் பாவாயி அக்கா கையில் இருந்த அட்டையைக் கீழே வைத்தது. "நில்லு அம்மணி. நான் இந்தப் பண்ணையில எத்தனை வருசமா முட்டை அடுக்கறேன். இங்க சேவலே கெடையாது. சேவல் இல்லாத முட்டையில குஞ்சு எப்படி வந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேவநாதன் தம்பியும் பார்த்தது. நல்லவேளை, நான் நடந்ததை மட்டும் சொல்கிறவள். பயப்பட ஒன்றுமில்லை.

"பேளுக்குறிச்சி முருகன் கோயில்லயும் பொட்டி நிறுத்துச்சுங்க அக்கா. கொடியில யார் இருக்காங்க? சேவல்தானே? எங்க லோடைப் பார்த்து ஒரு தடவை கூவுச்சு. அவ்வளவுதான்."

அக்கா கீழே வைத்த அட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டது. சாமி விஷயம் அல்லவா.

வளைவுக்கு வளைவு குஞ்சுகள் வளர்ந்தன. விடுதி வாசலுக்குப் போகும்போது எல்லாம் பெட்டைக் கோழி. அங்கே சமையல்காரர் பாத்திரத்தோடு நிற்கிறார். கோழியை இறக்குவதா, வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி, திரும்புங் என்றுவிட்டது. இறங்கும் வழியில் எல்லாம் தலைகீழ். முதல் சில வளைவில் கோழி குஞ்சாயிற்று. அப்புறம் குஞ்சு ஓட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அடிவாரத்துக்கு வரும்போது ஏற்றின முட்டை ஏற்றினபடி. அதுதான் தம்பி, லோடு திரும்பி வந்த காரணம் என்று முடித்தேன்.

தேவநாதன் தம்பி எழுந்துபோய் வேனின் பின்கதவைத் திறந்து பார்த்தது. முன்னால் ஏறி, ஈரத் துணியால் பெட்டியின் சந்தனத்தை வழித்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். துணி எடுத்ததும் பெட்டி, பழைய கலெக்டர் ஆபீஸ் குரலில், கொட்டகைக்கே கேட்கிற மாதிரி சொன்னது: "சிக்னல் கிடைத்துவிட்டது. பயணத்தைத் தொடங்கலாம்."

தம்பி இறங்கி வந்தது. "ஏனுங் அக்கா, முட்டை குஞ்சாச்சு, குஞ்சு கோழியாச்சு, கோழி திரும்ப முட்டையாச்சு. அட்டையில கட்டின சணலை மட்டும் யாருமே அவுக்கலையே?"

"அதுதானுங்க தம்பி எனக்கும் அதிசயமா இருக்குது" என்றேன்.

பாவாயி அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு அட்டை சாய்ந்தது. தேவநாதன் தம்பியும் சிரித்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டே, நாளைக்கு ஒரே ஒரு நாள் பார்ப்பதாகவும், நாளையும் திரும்பி வந்தால் மோகனூர் வண்டிதான் என்றும் சொல்லிவிட்டது.

வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தனத்தை வழித்ததில் பெட்டி கோபித்துக்கொண்டிருந்தால்? பழையபடி தலை சுற்றினால்? வீட்டுக்காரரோ பெட்டி கிணற்றில் விழச் சொன்னாலும் விழுகிறவர். நானோ எது சொன்னாலும் பயப்படுகிறவள். இரண்டு பேரும் சேர்ந்தால் வண்டி எங்கே போய்ச் சேரும்?

அதனால் விடியும் முன்பே ஒரு காரியம் செய்தேன். பாவாயி அக்காவைக் கூட்டிவந்து முன் சீட்டில், பெட்டிக்கு நேர் எதிரே உட்காரவைத்தேன். ஊர் தாண்டும்போதே பெட்டி, வலது பக்கம் திரும்பவும் என்றது. "அந்தப் பக்கம் நீ போயிருக்கியா? நேர்ல பார்த்தியா?" என்று அக்கா கேட்டது. பெட்டி, வழியை மறுபடி கணக்கிடுகிறேன் என்றது. அக்கா தலையை வெளியே நீட்டிப் பால்காரரிடம் கேட்டது, அப்புறம் பஸ்ஸுக்கு நின்றவரிடமும் கேட்டது. இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் வண்டியைத் திருப்பவிட்டது. மலையில் ஒவ்வொரு வளைவையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நம்பியது. பிள்ளைகள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே முட்டையை இறக்கிவிட்டோம்.

லோடு எங்களிடமே இருக்கிறது. அக்கா இப்போது தினமும் எங்களோடுதான் வருகிறது. பெட்டி நடு இடத்தில் சும்மா இருக்கிறது, அதன் மேல் ஒரு பூவிதழ்கூட வைப்பதில்லை. சந்தனம் மட்டும் தினமும் குழைக்கிறேன். வண்டி கிளம்பும் முன் பாவாயி அக்கா நெற்றியில் வைத்துவிடுகிறேன்.