சீட்டு வைக்காத பக்கம்

துறையூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குழந்தைவேலு வாத்தியாருக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. கட்டைப்பைக்குள் 'நீலக்கொற்றம்' ஏழு பாகமும் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம்.

முசிறிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர் அவர். ஓய்வு பெறுவதற்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை வந்து, பதிவு செய்து, இழுத்து இழுத்துக் கடைசிக் கெடுவில் வந்து நிற்கிறார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்த நீலக்கொற்றத்தைத்தான். அந்தக் கால ராஜாக்கள், கோட்டை, முற்றுகை, பறக்கிற யாளி என்று ஊரே சோறு தண்ணி மறந்து படித்த தொடர்கதை. நாளைக் காலையில் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் குழு முன்னால் பேச வேண்டும். குழு திருப்பி அனுப்பினால் பதிவு காலாவதி. இத்தனை வருஷப் பாடும் போச்சு.

அவருக்கு நெறியாளர் அருள்செல்வி. கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை. அவரைவிட இருபது வயதாவது இளையவள்.

அவள் கதவைத் திறந்தபோது ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் பிள்ளை.

"வாங்க சார். செருப்பு அப்புறம் கழட்டலாம். முதல்ல இவனைப் பிடிங்க, அடுப்புல கூழ் அடிப்பிடிக்குது."

நிலைப்படிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பிள்ளையை நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

வாத்தியார் வாசலில் நின்றார். பிள்ளை அவர் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கியது.

"வாயில வைக்காதடா ராசா. உங்கம்மா எனக்குப் பட்டமே தரமாட்டாங்க."

கேழ்வரகுக் கூழை ஆற்றிக்கொண்டே அருள்செல்வி வந்து, அவரையும் உள்ளே கூப்பிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். "என்ன சார், முகம் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி இருக்கு?"

"பரீட்சைதானே மேடம். குழுவுல ரெண்டு கட்சி. வரலாற்றுக்காரங்க, இந்தக் கதையில வர்ற பழங்காலம் பொய், அதை நிரூபின்னு சொல்றாங்க. இலக்கியக்காரங்க, இது பழங்காலமே இல்ல, இன்னைக்கு நடக்கற அரசியலுக்குக் கிரீடம் வச்சிருக்குங்கறாங்க. போன தடவை ஒரு பொண்ணு ரெண்டும் சரின்னு சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தா. நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

அவள் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டினாள். அது பாதியை அவர் வேட்டியில் துப்பியது.

"இதுவரைக்கும் எந்தப் பக்கம் நின்னீங்க?"

வாத்தியார் உற்சாகமாக முதல் பாகத்தை எடுத்து நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுழித்திருந்தது. சுழித்த இடத்திலெல்லாம் துண்டுச் சீட்டு செருகி, புத்தகமே முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. தலைப்புப் பக்கத்தில் வட்டம் போட்டு ஓர் எண்.

"இது என்ன சார்? நூத்துக்கு முப்பத்திரண்டா?"

"கைப்பழக்கம் மேடம். விடைத்தாள் திருத்தித் திருத்தி..."

"முதல் பாகம் ஃபெயிலா? அடப்பாவமே! ஊரே கொண்டாடுது, நீங்க அரியர் வச்சிட்டீங்களே."

அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளையும் சிரித்தது. வாத்தியாருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

"சிரிக்காதீங்க மேடம். மூன்றாம் பாகத்துல மகாராணி அம்மியில மிளகாய் அரைக்கிறா. மிளகாய் நம்ம மண்ணுக்கு வந்ததே போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான். விடலாமா?"

"விடக்கூடாதுதான். அதே பாகத்துல யாளி பறக்குதே, அதுக்கு எவ்வளவு குறைச்சீங்க?"

"அது கற்பனை. அதுல நான் கை வைக்கல."

"யாளி பறக்கலாம். மிளகாய் மட்டும் காய்க்கக் கூடாது."

வாத்தியார் வேட்டியில் பட்ட கூழைத் துடைத்தார்.

"அப்போ இலக்கியக்காரங்க பக்கமே போயிடவா?"

அருள்செல்வி எழுந்து போய்க் கை கழுவினாள். அலமாரி மேலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கிக்கொண்டு வந்தாள். நீலக்கொற்றம் நான்காம் பாகம். முதுகில் டேப் ஒட்டி, அட்டை நைந்து, உள்ளே நூலக முத்திரை.

"கிளை நூலகத்துல எடுத்தது. ஊர்ல பாதிப்பேர் கை பட்ட புத்தகம். உங்க நாலாம் பாகத்தை எடுங்க."

இரண்டையும் மூடியபடியே பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எழுத்தைப் பார்க்காதீங்க சார். தாள் ஓரத்தைப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நூலகப் புத்தகத்தின் ஓரம் பழுப்பாக இருந்தது. நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடம் மட்டும் கருத்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, பட்டை போட்ட மாதிரி தெரிந்தது. எத்தனையோ பேர் திரும்பத் திரும்பப் பிரித்த இடம்.

பிறகு தன் புத்தகத்தைப் பார்த்தார். சீட்டு, சீட்டு, சீட்டு. ஓர் இடத்தில் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி.

கருத்த பட்டையும் அந்த இடைவெளியும் நேருக்கு நேராக இருந்தன.

"அங்க ஏன் சார் சீட்டு வைக்கல?"

"அங்க தப்பு ஒண்ணும் இல்ல மேடம்."

"படிங்க. கேட்கறேன்."

பிள்ளை தூக்கத்துக்குச் சிணுங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தன் புத்தகத்தைப் பிரித்து வாத்தியார் படித்தார். வகுப்பில் படிக்கிற கணீர்க் குரல்.

கோட்டை முற்றுகையில் இருக்கிறது. வெளியே எதிரிப் பாசறையில் கொள்ளைநோய். பாசறையிலிருந்து ஒருத்தி காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கதவுக்கு வருகிறாள். அந்தப் பெரிய கதவுக்குள்ளே, ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒரு கதவு. அதுதான் திட்டிவாசல். அதற்குக் காவல் நிற்கிற கிழவனின் இரண்டு மகன்களையும் கொன்றது அவள் பக்கத்துப் படைதான். அவன் அவளைப் பார்க்கிறான். பிள்ளையைப் பார்க்கிறான். தாழை நீக்குகிறான். 'பிள்ளை மட்டும்' என்கிறான். அவள் பெற்ற பிள்ளையை எதிரி கையில் கொடுக்கிறாள். கிழவன் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறான்.

"கதவு மூடிய பிறகும் அவள் போகவில்லை. நீட்டிய கையை மடக்காமல்..."

வாத்தியாரின் கணீர்க் குரல் அங்கே நின்றது. தோளில் கிடந்த பிள்ளையின் முதுகை அவர் கை தட்டிக்கொண்டே இருந்தது.

அருள்செல்வி கூழ்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"கிழவன் என்ன கஞ்சி சார் காய்ச்சறான்?"

அவர் மேல்வரியைத் தேடினார். "மரவள்ளிக் கிழங்குக் கஞ்சி."

சொல்லிவிட்டு அந்த வரியை மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மரவள்ளி எப்போ சார் நம்ம ஊருக்கு வந்தது?"

"அதுவும்... கப்பல்ல வந்ததுதான் மேடம்."

"மிளகாய்க்கு முன்னாடியா?"

"இல்ல. அதுக்கும் பிறகு."

"இந்தப் பக்கத்தை இதுக்கு முன்னாடி படிச்சதே இல்லையா?"

"நிறையத் தடவை படிச்சிருக்கேன்."

"பேனா?"

"கையிலதான் இருந்தது."

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து குடத்தை வைத்தார்கள். வாத்தியார் பிரித்துவைத்த புத்தகப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இலக்கியக்காரங்க தேடற அரசியல் இங்க இருக்கா சார்?"

"இந்த இடத்துல ராஜாவே வரல மேடம். ஒரு கிழவன். ஒரு அம்மா. அவ்வளவுதான்."

"ஆனா ஊர்க்காரங்க கை எல்லாம் இங்கதான் பட்டிருக்கு."

"ஆமா."

"உங்க கையும்."

அவர் தலையாட்டினார். பேனா பிள்ளையின் பிடியிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வந்ததும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். குரல் மட்டும் வேறாக இருந்தது.

"அப்போ, நாளைக்கு நான் எங்க நிக்கட்டும் மேடம்?"

அவர் தோளில் தூங்கிப்போயிருந்த பிள்ளையை அருள்செல்வி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு கட்சிக்கும் இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க. திட்டிவாசல்ல நில்லுங்க சார்."