தேரை நிறுத்திய கொட்டாங்கச்சி

நீர்முளைப்பட்டணத்து அரசவையில் திருமேனி என்று ஒரு விகடர் இருந்தார். பேருக்கேற்ற மேனி. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். ஊரில் அத்தனை பேரையும் கேலி செய்ய அவருக்குச் சம்பளம் உண்டு. தன்னைத் தானே கேலி செய்துகொள்வது மட்டும் இலவசம்.

ஒருநாள் மனுஷர் கடைத்தெருவைக் கடக்கப் போனார். அரசர் புதிதாகக் கல் பாவிய தெரு. வழவழவென்று இருந்ததா, படைத்தலைவர் கடம்பராயரின் தேர் பறந்து வந்தது. திருமேனி துள்ளினார். துள்ளிய இடம் சாக்கடை.

கைகொடுத்துத் தூக்கியவள் வேம்பாயி. கிணற்றிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் சுமப்பவள். முன்பொருநாள் அதே தேர் இடித்ததிலிருந்து அவளுக்கு ஒரு கால் விந்தும்.

"உங்களுக்காவது சாக்கடை கெடைச்சுது சாமி. எனக்குக் கால் போச்சு. கெணறு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். குடத்தோட எப்படி ஓடுறது? நாளைக்கு எவ உசுரோ! ராசாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"சொன்னால் போச்சு! எனக்கென்ன பயமா?" என்றார் திருமேனி. சாக்கடைக்குள் நின்றபடி வீரம் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது.

மறுநாள் தெருப்பெண்கள் எல்லோரும் அவையில் வந்து நின்றார்கள். திருமேனி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே ஆரம்பித்தார்.

"அரசே... தேர்... கொஞ்சம்..."

வேம்பாயி பின்னாலிருந்து ஒரு இடி இடித்தாள்.

"மெதுவாகப் போகணும்!" என்று அலறிவிட்டார்.

கடம்பராயர் மீசையை முறுக்கினார். "மெதுவாகப் போனால் அது தேரா, கட்டைவண்டியா? நடக்கிறவர்கள் பார்த்து நடக்கட்டும்!"

அரசர் செண்பகவர்மருக்கு இரண்டு பக்கமும் வேண்டும். யோசித்தார். "திருமேனி, நான் ஆணை போட மாட்டேன். தெருவில் கல் வைக்காதே, கயிறு கட்டாதே, காவலாளும் கூடாது. பௌர்ணமிக்குள் தேரை மெதுவாக்கிக் காட்டு. காட்டினால் அந்த ஏற்பாடே நிலைக்கட்டும்."

"காட்டாவிட்டால் என் தேருக்கு முன்னால் 'விலகு, விலகு' என்று கத்திக்கொண்டு ஓடட்டும்!" என்றார் கடம்பராயர்.

"அதுவும் சரிதான்" என்றார் அரசர். அவையே சிரித்தது. தன் வயிறு தனக்கு முன்னால் ஓடுவதை நினைத்துப் பார்த்துத் திருமேனியும் சிரித்துவைத்தார். வீட்டுக்குப் போனபிறகுதான் அழுகை வந்தது.

பௌர்ணமி நெருங்கியது. யோசனை மட்டும் வரவில்லை. பொழுது விடிகிற நேரம், மனைவி கோமளம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மனுஷர் வாசற்படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரன் பதறிப்போய்க் கீழே குதித்தான். மாட்டைப் பிடித்து அங்குலம் அங்குலமாகக் கோலத்தை ஒதுக்கி நடத்திப் போனான்.

"ஏனப்பா இந்தப் பாடு?"

"என்ன சாமி, இந்த ஊர்க்காரரா நீங்க? மனுசக் கால் படலாம், மாட்டுக் கொளம்பு படலாம். சக்கரம் ஏறிச்சுன்னா ஏத்தினவனே தெருவைக் கூட்டி, தெளிச்சு, கோலத்தை மறுபடி போட்டுக் குடுக்கணுமே! போன ஆடியில நான் போட்ட மயிலை ஆமைன்னு சொல்லி இன்னும் சிரிக்கிறாளுங்க."

திருமேனி எழுந்து குதித்தார். கோமளம் திரும்பிப் பார்த்து, "ஐயோ, இவருக்கு என்ன வந்தது?" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் கிணற்றடியில் தெருவின் குறுக்கே, திருமேனி சொன்னபடி பெண்கள் போட்ட பெரிய கோலம் விரிந்தது. இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை. நடுவில் சக்கரம் நுழைகிற அளவுக்கு இரண்டே இடைவெளி. இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்து நடத்தினால் தாண்டலாம். பறந்தால் முடியாது.

கடம்பராயர் பறந்தார். "எனக்கா கோலம்!" என்று அதன் மேலேயே ஏற்றினார்.

அவ்வளவுதான். குடமும் விளக்குமாறுமாகப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வேம்பாயி விந்தி விந்தி வந்து, கோலமாவுக் கொட்டாங்கச்சியை நீட்டினாள். "போடுங்க சாமி."

கடம்பராயர் அரசரிடம் முறையிட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அரசர் கையை விரித்தார். "ஊர் வழக்கமாயிற்றே! என் பாட்டனாரே ஒருமுறை குந்தி உட்கார்ந்து போட்டிருக்கிறார்."

படைத்தலைவர் குந்தினார். புள்ளி வைத்தால் இழை சேரவில்லை, இழை சேர்ந்தால் புள்ளி மிச்சம். மீசையெல்லாம் மாவு. பின்னால் தேர்கள் வரிசையாகத் தேங்கி நின்றன. "அழிச்சிட்டு மறுபடி!" என்றார்கள் பெண்கள். உச்சிவெயில் வரை இதே கூத்து. மறுநாளிலிருந்து எல்லாத் தேரோட்டிகளும் அங்கே இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டே தாண்டினார்கள். வேம்பாயி நிறைகுடத்தோடு நிதானமாகத் தெருவைக் கடந்தாள். பார்த்துக்கொண்டிருந்த திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது.

அரசருக்கு மகா சந்தோஷம். "சபாஷ் திருமேனி! கிணற்றடி தோறும் கோலம் இருக்கட்டும். உனக்குப் பரிசு, ஒரு தேர்!"

தேர்! திருமேனிக்குத் தலைகால் புரியவில்லை. சரிகைத் தலைப்பாகையோடு ஏறி நின்றார். கடிவாளத்தையும் தானே பிடித்துக்கொண்டார். நடக்கிறவர்களைப் பார்த்தால் இப்போது அவருக்கே கொஞ்சம் இளப்பமாக இருந்தது. "விலகு! விலகு!" என்று கத்தினார். மாடிப் பெண்களுக்குக் கை அசைத்தார். அசைத்த கையைக் கீழே இறக்குவதற்குள் தேர் கிணற்றடியைத் தாண்டிவிட்டது.

அரசர் பின்னாலேயே பல்லக்கில் வந்தார். பார்த்தால், நடுத்தெருவில் திருமேனி குந்தியிருக்கிறார். வயிறு இடிக்கிறது, குனிய முடியவில்லை. கையில் கொட்டாங்கச்சி. பக்கத்தில் நிற்பவள் வேம்பாயி.

"என்ன திருமேனி இது?"

திருமேனி மாவு அப்பிய முகத்தை நிமிர்த்தினார். "அரசே, போயும் போயும் நடுத்தெருவில் கோலம் போடச் சொன்ன மடையன் யார்? அவனைப் பிடித்து விசாரிக்கணும்!"

அரசர் சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் தடுமாறினார்கள். வேம்பாயி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து கோலத்தைப் பார்த்தாள்.

"அவரை அப்புறம் விசாரிக்கலாம் சாமி. கோலம் கோணலா இருக்கு. அழிச்சிட்டு மறுபடி போடுங்க."