நாலு அறையில் நாலு ஃபேன்

தெய்வநாயகம் தன் குருவைவிட மிகவும் மூத்தவர். ராஜபாளையத்தில் அச்சகம் நடத்தி ஓய்ந்தவர். ஞானாம்பிகை அம்மாவிடம் தியானம் பழகத் தொடங்கியபின் கோபம் குறைந்துவிட்டதாக அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

மின்கட்டணம் ஏறியதும் அந்தக் கோபம் திரும்பி வந்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகும் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று குரு கேட்டார்.

வீட்டில் இருப்பது நாலே பேர் என்றார் தெய்வநாயகம். அவர், மனைவி சொர்ணம், மகன் இளம்பரிதி, மருமகள் தேன்மொழி. ஆனால் நாலு அறையிலும் ஃபேன் ஓடுகிறது, நாலு அறையிலும் விளக்கு எரிகிறது. பல்பையெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றியாயிற்று. பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியாயிற்று. ஒவ்வொரு சுவிட்சுக்குப் பக்கத்திலும் 'அணைக்கவும்' என்று அச்சடித்து ஒட்டியாயிற்று. நாள் முழுக்க அறை அறையாகப் போய்ச் சொல்லவும் செய்கிறார். பில் மட்டும் இறங்கவில்லை. போன வாரம் தேன்மொழி தலை காயவைத்துக்கொண்டு நின்றபோது அந்த ஃபேனையும் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. மகன் தனியாக வீடு பார்க்கிறான்.

"கரண்ட் செலவைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

"நாளைக்கு சாயங்காலம் உங்க வீட்டுக்குக் காபி குடிக்க வர்றேன்," என்றார் குரு.

மறுநாள் குரு போனபோது, தெய்வநாயகம் சொன்னபடியேதான் இருந்தது வீடு. கூடத்தில் தெய்வநாயகம். ஓர் அறையில் டிவியோடு இளம்பரிதி. இன்னோர் அறையில் கைப்பேசியோடு தேன்மொழி. படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சொர்ணம் எழுந்துவந்து காபி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகப் பார்த்தார்.

குரு அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். உங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார்.

சொர்ணம் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். கல்யாணத்துக்கு முதல்நாள் பந்தியில் கரண்ட் போய்விட்டது. என்னவென்று பார்க்க எழுந்துபோன மாப்பிள்ளை இருட்டில் தடவித் தடவித் திரும்பிவந்து, விளக்கு தேடப் போயிருந்த மாமனாரின் இலையில் உட்கார்ந்து அவருக்கு வைத்த பாயசத்தையும் குடித்துவிட்டார். விளக்கு வந்தபோது மாமனார் எதிரே நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லட்டுமா மாப்பிள்ளை என்று பணிவாகக் கேட்டாராம்.

குரு சிரித்த சிரிப்பில் தேன்மொழி எட்டிப் பார்த்தாள். அப்படியே வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவி சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று இளம்பரிதி அதை நிறுத்திவிட்டு வந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னான்.

காலியான அறைகளைப் பார்க்கத் தெய்வநாயகம் எழுந்தார்.

"உட்காருங்க ஐயா," என்றார் குரு.

உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியவில்லை. அது பாயசம் இல்லை, மோர்தான் என்று திருத்தினார்.

"எத்தனை டம்ளர் மாமா?" என்றாள் தேன்மொழி.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப்பின் அவரும் கதை சொன்னார். முறுக்கு எடுக்க உள்ளே போன சொர்ணம், வரும்போது ஒவ்வோர் அறையிலும் ஃபேனையும் விளக்கையும் அணைத்துவிட்டு வந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

குரு புறப்பட்டார். வழியனுப்ப வாசல்வரை வந்த தெய்வநாயகம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. மூன்று பேரும் இன்னும் அங்கேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தொண்டை வறள நான் சொல்லிப் பார்த்துட்டேன். நீங்க அணைக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லல. எப்படிம்மா?"

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீங்க ஒரு ரூமுக்குள்ள வந்தா, அவங்க இன்னொரு ரூமுக்குப் போயிடறாங்க ஐயா. போற இடத்துல ஃபேன் வேணுமில்ல?"