நாற்பதாம் பக்கத்தில் வெள்ளம்

மந்திக்குளத்துக்காரர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். வில்லங்கமே அங்கேதான்.

பெரியவர்களுக்காக அந்த ஊரில் ஒரு மாலைப் பள்ளி நடந்தது. ஒரு கதைப் புத்தகத்தை முழுசாகப் படித்து, வரப்போகும் அதிகாரியிடம் கதை சொல்லாவிட்டால் பள்ளிக்குப் பூட்டு என்று உத்தரவு. வெளியூர் கிளம்பிய ஞானசெல்வம் டீச்சர், "கதையில வர்றவங்கள நெசமான மனுசங்களா நெனச்சுப் படிக்கணும், என்ன?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நினைத்துவிட்டார்கள்.

நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில், கதாநாயகன் வேலப்பன் ஆற்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான். சத்தமாக வாசித்துக்கொண்டிருந்த தவசி பக்கத்தைத் திருப்பப் போனார். மாடத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, திருப்பிராதீங்க! அடுத்த பக்கத்துல செத்துக் கிடந்தான்னா பாவம் யாருக்கு?"

"திருப்பலன்னா?"

"சாக மாட்டான்லா."

"பள்ளிக்கூடத்த மூடிருவாங்களே தாயி. நான் எம்பேர எழுதப் படிச்சதே இங்கதான்" என்றார் தவசி.

"பேரு பெருசா, உசுரு பெருசா?" என்றான் சங்கிலி. "புத்தகத்த மூடவும் கூடாது. உள்ள அவனுக்கு மூச்சு முட்டும்."

எனவே புத்தகத்தைத் திறந்தே வைத்து, தவசி விசிறியால் வீசினார். மறுநாள், வெள்ளம் வற்றட்டும் என்று வெயிலில் காயப்போட்டார்கள். சங்கிலி தாளைத் தொட்டுப் பார்த்து, முழங்காலளவுக்கு வற்றியிருக்கும் என்றான். எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆறும் இல்ல, ஆளும் இல்லய்யா! எல்லாம் வெறும் எழுத்து!"

"அப்போ எங்க கண்ணுல வந்த தண்ணி?" என்று கேட்டாள் மாடத்தி.

அதிகாரி பெரிய படிப்பெல்லாம் படித்தவர். புத்தகத்தை வெடுக்கென்று எடுத்து, தானே பக்கத்தைத் திருப்பிச் சத்தமாக வாசித்தார்: "வேலப்பன் தட்டுத்தடுமாறிக் கரையேறினான். குளிரில் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது."

ஒரே விசில், குலவை. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பள்ளிய மூடவே கூடாது. உங்களுக்கு இன்னும் பத்து வருசமாச்சும் வேணும்" என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

அவருக்கென்று போட்ட சுக்குக் காபியைத் தவசி சூடாகக் கொண்டுவந்தார். நேராகப் புத்தகத்தின் மேல் ஊற்றினார். தாள் உறிஞ்சிக்கொண்டது.

"குடிச்சிட்டாம்யா!" என்றார் தவசி, கண்ணைத் துடைத்தபடி. "பாவம், இன்னொரு டம்ளர் கொண்டாங்க!"