சுனைக்காகப் போன மீசை

முன்னொரு காலத்தில் கூவைநாட்டை வளவராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். மனசு குளிர்ந்தால் யானையைத் தானம் கொடுப்பான், சுணங்கினால் ஊரையே காலி செய்யச் சொல்வான். அப்படியொரு ஆள். சின்ன வயதில் அம்மாவோடு மலைச்சுனைக்குப் போய்த் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருப்பான். கெண்டைக் குஞ்சுகள் பாதத்தைக் கொறிக்கும், இவன் கூச்சத்தில் நெளிவான், அம்மா சிரிப்பாள். கிரீடம் வைத்த பிறகு அவனோடு அப்படிச் சிரிக்க யாருமில்லை.

அந்தச் சுகம் ஊருக்கெல்லாம் கிடைக்கட்டும் என்று சுனையைத் திறந்துவிட்டான். பொறுப்பைக் காதுவரை மீசை முறுக்கிய கோடியப்பரிடம் கொடுத்தான். மீன் முட்டையிடும் ஆடி மாதத்தில் மலைக்குடிகள் பாதையின் குறுக்கே காட்டுக்கொடி கட்டிவிடுவார்கள், ஒருவரும் தாண்டமாட்டார்கள். கோடியப்பர் அதை அறுத்தெறிந்தார். ஆடியில்தானே கூட்டம்!

மூன்றாம் வருஷம் மலைக்காரி மாதி சபைக்கு வந்தாள்.

"ராசா, சுனையில சீயக்காய் நுரைதான் மிதக்குது. எங்க புள்ளைங்க குடிக்க வேற தண்ணி கிடையாது."

"மன்னா, ஆளுக்கு ஒரு முழுக்கு, ஒரு பூ, ஒரு மீன். அதிலா மலை குறைந்துவிடும்?" என்றார் கோடியப்பர். "பட்டணத்தாரைக் கண்டாலே இவளுக்கு வயிற்றெரிச்சல்."

அம்மாவின் சுனையைக் குறை சொல்வதா? ராஜாவுக்குச் சுருக்கென்றது. "கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாலும் தீரும் என்று அந்திக்குள் காட்டு. காட்டினால் சுனையை மூடுகிறேன். இல்லையென்றால் உன் கூட்டம் மலையை விட்டு இறங்கட்டும்."

மாதி கோடியப்பரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா மீசை ரொம்ப அழகு. மலை பார்க்க வந்த சனம் வாசல்ல நிக்குது. ஞாபகத்துக்கு ஆளுக்கு ஒரு முடி கொடுக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதானே?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "கொடும் ஐயா!"

முதல் ஆள் பிடுங்கியபோது கோடியப்பர் பெரிய மனுஷராகச் சிரித்தார். பத்தாவது ஆள் பிடுங்கியபோது அவர் கண்ணில் நீர் முட்டியது. வரிசையோ தேர்க்கூட்டம் மாதிரி வளர்ந்துகொண்டே போனது. இடது பக்கம் வெறிச்சென்று ஆனதும் அலறினார். "போதும் மன்னா! இது என் முகம்!"

"அது எங்க வீடு," என்றாள் மாதி. "இங்கே யாருமே அதிகமா எடுக்கலையே, ஐயா."

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜா எழுந்தான். "சுனையை மூடினோம். கோடியப்பரே, மிச்ச மீசையோடு போய் மலைப்பாதையில் குப்பை பொறுக்கும். மாதி, இனி மலையில் உன் சொல்தான் சட்டம். எப்போது திறப்பாய்?"

"மீன் திரும்பி வரட்டும். நாலு வருஷமாகும்."

"நான் மட்டும் நடுவில் ஒரு நாள்..."

"நீங்களுந்தான் வரக்கூடாது, ராசா."

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. வளவராயன் கிரீடத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"திறக்கிற அன்றைக்குச் சொல்லி அனுப்பு, தாயே," என்றான். "யானை வேண்டாம். நடந்தே வருகிறேன்."